உன் பேரில் எட்டு டிக்கெட்

முத்து,

குக்கர் விசில் அடித்தது. தரையில் கிடத்தியிருந்த பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை திடுக்கிட்டுக் கையைக் காலை உதறி அழுதது. நீ அதன் பக்கத்தில்தான் உட்கார்ந்து கிண்ணங்களை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்துக்கொண்டிருந்தாய். அடுப்பு உன் முதுகுக்குப் பின்னால், நான் கை நீட்டினால் தொட்டுவிடும் தூரம். நீ அடுப்பைத் திரும்பிப் பார்க்கவில்லை. குழந்தையைத்தான் பார்த்தாய், இது எதற்கு இப்போது அழுகிறது என்பதுபோல. நான் முதலில் கவனித்தது இதுதான். இதற்கு அப்புறம் நடந்ததையெல்லாம் உனக்கு ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள். அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

நான் உன் அக்கா. ஆனால் நீ பிறந்து கொஞ்ச நாளிலேயே அம்மா மறுபடி மாட்டுங்காவில் சமையல் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள். அப்பா விடியும் முன்பே இட்லி அவித்து, பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சயான் பக்கம் போய்விடுவார். அப்போது நான் தாராவி முனிசிபாலிட்டித் தமிழ்ப் பள்ளியில் எட்டாவது. கொஞ்ச நாளைக்கு வீட்டில் இரு, பிள்ளை நடக்கத் தொடங்கியதும் போகலாம் என்றார்கள். நீ நடந்தாய். நான் போகவில்லை. அதற்காக உன்மேல் எனக்குக் கோபம் இல்லை, ஆனால் யார்மேலும் கோபம் இல்லை என்று எழுத மாட்டேன். உனக்குச் சோறு ஊட்டியதும் கால் கழுவிவிட்டதும் காய்ச்சலில் மடியில் வைத்திருந்ததும் நான்தான். எனக்கு வயது பதினேழுதான் ஆனாலும், மகனுக்கு எழுதுவதுபோலத்தான் எழுத வருகிறது. சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்.

எனக்கு இப்போதே மாப்பிள்ளை பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். நீ பெரியவனாகும்போது நான் இந்த வீட்டில் இருக்க மாட்டேன். அத்தை இருப்பாள். 'உனக்காகக் குடும்பமே வேலைவெட்டியப் போட்டுட்டு ரயில் ஏறுனோம்லே' என்று சொல்வாள். அது பொய்யும் இல்லை. டாக்டர்கள் சொன்னதெல்லாம் ஆஸ்பத்திரிக் காகிதங்களில் இருக்கும், அதை நீயே படித்துக்கொள்வாய். உன் காதைப் பற்றி அப்போது என்னைவிட உனக்குத்தான் அதிகம் தெரியும். அந்தக் காகிதங்களில் இல்லாததை மட்டும் நான் எழுதுகிறேன். உனக்குத் தமிழ் படிக்க வருமோ வராதோ. நம் சந்தில் வளர்கிற பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் கடைப் பலகைகூடப் படிக்கத் தெரியவில்லை. வராவிட்டால் என்னைத் தேடி வா. எந்த ஊரில் இருந்தாலும் எழுத்து எழுத்தாகச் சொல்லித் தருவேன்.

அந்தக் குக்கர் நாளுக்குப் பிறகு நான் உன்னைக் கவனிக்கத் தொடங்கினேன். உனக்குப் பின்னால் நின்று தட்டைத் தட்டினேன். பரண்மேல் இருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். சில சமயம் திரும்பினாய், பல சமயம் திரும்பவில்லை. திரும்பியபோதெல்லாம் எனக்கு உயிர் வந்தது. அப்புறம்தான் ஒன்று புரிந்தது. நம் வீட்டுக்கு வெளிச்சம் வாசல் வழியாக மட்டும்தான் வரும். யார் வாசலில் வந்து நின்றாலும் வீட்டுக்குள் இருட்டாகும். நீ அதற்குத் திரும்புவாய். அப்பா சைக்கிளை நிறுத்திவிட்டு 'ஏலே முத்து' என்பார், நீ திரும்புவாய், பார்த்தியா என் குரலுக்குத் திரும்புதான் என்பார். பரணில் யாராவது நடந்தால் பலகை அதிரும், அந்த அதிர்வு ஏணி வழியாகத் தரைக்கு வரும். நீ நிமிர்ந்து மேலே பார்ப்பாய். அத்தை உன் முகத்துக்கு நேராக வந்து, வளையல் குலுங்க இரண்டு கையையும் தட்டி, 'இந்தா பாரு, கண்ணச் சிமிட்டுதான்' என்பாள். முகத்துக்கு முன்னால் கை வந்தால் யார்தான் கண்ணைச் சிமிட்ட மாட்டார்கள்?

இதை நான் யாரிடமும் சரியாகச் சொல்லவில்லை என்று இப்போது சொல்கிறார்கள். சொன்னேன். முதலில் அம்மாவிடம். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். 'அம்மா, இவனுக்குச் சத்தம் கேக்கலையோன்னு இருக்கு' என்றேன். அவள் கை நின்றது. பிறகு இன்னும் வேகமாகக் களைந்தாள். 'வாயக் கழுவுட்டி. கேக்காமலா நாம ஏணில ஏறும்போது மேல பாக்கான்? இன்னொரு தடவ சொன்ன, பாத்துக்க. பிள்ளைக்குச் செவிடுன்னு பேரு வச்சுட்டா, இந்தச் சந்துல அவன் சாகுற வரைக்கும் அதுதான் பேரு' என்றாள். அதுவும் உண்மைதான். நம் சந்தில் நொண்டி, குள்ளன், கருவாடு என்று ஒரு தடவை வைத்த பெயரை எடுக்க முடியாது. ஆனால் பெயருக்குப் பயந்து பிள்ளையின் காதை விட்டுவிட முடியுமா? இந்தக் கேள்வியை நான் அப்போது கேட்கவில்லை. என் வாயில் பாதிக் கேள்விகள் இப்படித்தான் நின்றுபோகும். வெளியாள் நாலு பேர் இருந்தால் என் பெயரைச் சொல்லவே எனக்கு நாக்கு வராது.

உனக்கு மூன்று வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. அப்போதுதான் வீட்டில் கவலை தொடங்கியது. பேச்சைப் பற்றிய கவலை, காதைப் பற்றியது அல்ல. அப்பாவின் அக்காவான நம் அத்தை எதிர்ச் சந்தில் இருக்கிறாள். நம் வீட்டில் என்ன நடந்தாலும் முடிவு அங்கிருந்துதான் வரும். அவள் காரணம் கண்டுபிடித்தாள். 'வீட்ல தமிழு, தெருவுல இந்தி, பால்வாடில மராட்டி. சின்ன மூளைல எத்தனையத்தான் ஏத்துவான்? எதப் பேசன்னு தெரியாம வாயடச்சு நிக்கான்' என்றாள். இது எல்லோருக்கும் சரியாகப் பட்டது. பம்பாயில் பிறந்த பிள்ளைகளுக்கு இது நடக்கும் என்று ஆளாளுக்கு ஒரு உதாரணம் சொன்னார்கள். அன்று முதல் உன் முன்னால் யாரும் இந்தி பேசக் கூடாது என்று சட்டம். பாவம், அத்தை வீட்டு மாமாவுக்குத்தான் கஷ்டம். அவர் பிறந்ததே இங்கே. ஒரு நாள் 'அரே, மேரா சப்பல் கிதர்...' என்று ஆரம்பித்தவர் அத்தை முறைத்ததைப் பார்த்துவிட்டு, 'என்... என் பாதரட்சை எங்கே உள்ளது?' என்று மேடையில் பேசுவதுபோல் கேட்டார். வீடே சிரித்தது. எல்லோரும் வாயைத் திறந்து குலுங்குவதைப் பார்த்து நீயும் சிரித்தாய்.

இரண்டாவது காரணமும் அத்தையுடையதுதான். உனக்கு இன்னும் குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்தவில்லை. நீ பிறந்த வருஷம் அப்பாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது, அடுத்த வருஷம் டிக்கெட் கிடைக்கவில்லை, இப்படியே தள்ளிப்போய்விட்டது. 'முத்துன்னு சொடலமாடன் பேர வச்சுட்டு அவரு வாசலுக்கே கூட்டிட்டுப் போவலன்னா பிள்ள எப்படிப் பேசும்? கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போயி, மொட்டையடிச்சு, காதக் குத்திட்டு வந்தா மடமடன்னு பேசுவான் பாரு' என்றாள். அம்மா அழுதாள். அப்பா தலையை ஆட்டினார். நான் உனக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். உன் காது மடலைத் துடைக்கும்போது என் கை நின்றது. இந்தக் காதைத்தான் குத்தப் போகிறார்கள். கெடா வெட்டி, சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு, இந்தக் காதைத்தான்.

மூன்றாவதாக வந்தது மாட்டுங்கா மாமி. அம்மா சமைக்கிற வீட்டுக்காரம்மா. நல்ல மனசு, தீபாவளிக்கு உனக்கும் சேர்த்துச் சட்டை எடுப்பாள். அம்மா உன்னைப் பற்றிச் சொல்லி அழுதபோது, 'மெட்ராஸ்ல ஒருத்தர் இருக்கார். பேச்சு வராத கொழந்தைகளுக்குன்னே பெரிய ஸ்பெஷலிஸ்ட். என் தம்பி பேத்தியையே அவர்தான் பேச வச்சார். நம்ம பாஷைல பேசுவார், கொழந்தைக்குப் புரியும். இங்க இந்திக்காராகிட்ட காட்டி என்ன பிரயோஜனம்? அவா கேக்கறது இவனுக்குத் தெரியாது, இவன் முழிக்கறது அவாளுக்குத் தெரியாது. அழைச்சிண்டு போ' என்று சொல்லி, தம்பியிடம் போனில் பேசித் தேதியும் வாங்கித் தந்தாள். தமிழ் பேசுகிற டாக்டர்! நம் வீட்டில் எல்லோருக்கும் கண் திறந்ததுபோல ஆயிற்று. தேசத்தின் மூலைமுடுக்கில் இருந்தெல்லாம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வைத்தியத்துக்குப் பம்பாய்க்கு வருகிறார்கள், ஆஸ்பத்திரி வாசல் நடைபாதையில் படுத்துக் கிடக்கிறார்கள். பஸ் ஏறினால் அந்த ஆஸ்பத்திரிகளில் போய் இறங்கிவிடும் தூரத்தில் இருக்கிற நாம், தமிழில் பேசாத பிள்ளைக்குத் தமிழ் தெரிந்த டாக்டரைத் தேடிச் சென்னைக்குக் கிளம்பினோம்.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சாப்பாடு முடிந்ததும் நம் வீட்டில் திட்டம் போட்டார்கள். முதலில் அப்பா, அம்மா, நான், நீ. நேரே சென்னை, டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவது. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டுமே இருந்த திட்டம். அவ்வளவு தூரம் போய்விட்டு ஊருக்குப் போகாமல் வந்தால் சாமி சும்மா விடுமா என்றாள் அத்தை. ஊருக்குப் போவதானால் கொடைக்குத்தான் போகவேண்டும். கொடை என்றால் காதுகுத்து. காதுகுத்து என்றால் அத்தையும் மாமாவும் இல்லாமலா? அத்தை வந்தால் அவள் மகள் வராமல் இருப்பாளா? மகள் வந்தால் அவள் புருஷன். புருஷன் வந்தால் அவன் அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு எப்படி? அந்த அம்மாளுக்கு முட்டி வலி. 'எப்படியும் பெரிய டாக்டரத்தானே பாக்கப் போறோம். என் முட்டியவும் ஒரு எட்டு காட்டிருவோம்' என்றாள். 'அவரு பேச்சு டாக்டரும்மா' என்றார் அப்பா. 'பேசத்தானே செய்வாரு? கேட்டுப் பாப்போம்' என்றாள். மாமா என் பக்கம் குனிந்து, 'டென்ஷன் எடுக்காதட்டி, முட்டியவும் பேச வச்சுருவாரு' என்றார்.

இப்படி எட்டுப் பேர் ஆனார்கள். உனக்கு ஐந்து வயதுக்குள் என்பதால் டிக்கெட்டே தேவையில்லை. கொடை நாளுக்கு ஏற்றபடி உன் டாக்டர் தேதி தள்ளிவைக்கப்பட்டது. மாமிதான் போன் பண்ணி மாற்றித் தந்தாள். பிறகு அத்தை மகள், இவ்வளவு தூரம் போகிறோமே, திருச்செந்தூரும் கன்னியாகுமரியும் பார்த்துவிடலாம் என்றாள். தேதி மறுபடி தள்ளிப்போனது. பிறகு சென்னையில் சேலை எடுக்க ஒரு நாள், பீச்சுக்கு ஒரு சாயங்காலம். டாக்டர், பயணத்தின் கடைசியில் ஒரு காலைப்பொழுது ஆனார். நான் உனக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். உனக்கு நாளைக்குப் பிள்ளை பிறந்து, அதற்கு ஒன்று என்றால், டாக்டரிடம் போவதை எதனோடும் சேர்க்காதே. கோயிலுக்கு ஒரு நாள் போ, கடைக்கு ஒரு நாள் போ, டாக்டருக்கு ஒரு நாள் போ. சேர்த்தால் எது சிணுங்காமல் ஓரமாக நிற்குமோ அதைத்தான் எல்லோரும் தள்ளிவைப்பார்கள்.

டிக்கெட்டைப் பற்றியும் உனக்குத் தெரியவேண்டும். மே மாதம் ஊருக்குப் போக டிக்கெட் கிடைப்பது எப்படி என்று தாராவியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முன்பதிவு திறக்கிற நாள் விடியும் முன்பே மாமா தாதர் ஸ்டேஷனுக்குப் போய் வரிசையில் நின்றார். ஜன்னல் திறந்த கொஞ்ச நேரத்தில் பாதி வண்டி நிரம்பிவிடும். அவர் எட்டுக்கும் கன்ஃபார்ம் வாங்கிவிட்டார். எல்லாம் ஒரே பெட்டியில், பக்கத்துப் பக்கத்தில். வந்ததும் டிக்கெட்டைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள் அத்தை. மாமா போகிற வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார். 'ஆட் கே ஆட் கன்ஃபார்ம்! வெயிட்டிங் ஒண்ணு கூட இல்ல!' என்று இந்திச் சட்டத்தை மறந்து கத்தினார். அத்தையும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு இந்த வீட்டில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தால், நீ பேசியேவிட்டாய் என்று யாரும் நினைப்பார்கள்.

கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது பால்வாடி டீச்சர் என்னை நிறுத்தினாள். மராத்திக்காரி, எங்களிடம் இந்தியில் பேசுவாள். பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்துக் கைதட்டிப் பாடும்போது நீ மற்றவர்கள் தட்டுவதைப் பார்த்து ஒரு நொடி கழித்துத் தட்டுகிறாய் என்றாள். எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னபோது நீ தட்டவே இல்லை. 'இஸ்கா கான் திகாவ். ஜல்தி' என்றாள். காதைக் காட்டு, சீக்கிரம். எனக்கு அந்த இடத்திலேயே அழவேண்டும்போல் இருந்தது. பயத்தில் இல்லை. நான் பார்த்ததை வேறு ஒருத்தியும் பார்த்திருக்கிறாள் என்பதால்.

மறுநாள் அம்மாவும் அப்பாவும் போனதும் உன்னைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதுவரை நான் தனியாகப் போன தூரம் நம் தாராவிக்குள்ளேயே இருக்கிற தொண்ணூறடி ரோட்டு மார்க்கெட். கேஸ் பேப்பர் என்கிற நோயாளிச் சீட்டு எழுதுகிற ஜன்னலில் உன் பெயரைச் சொன்னேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் 'ஜோர் சே போலோ' என்றார், சத்தமாகச் சொல்லு என்று. இன்னொரு தடவை சொன்னேன். 'அரே, ஜோர் சே!' எனக்குப் பின்னால் நீள வரிசை. முகமெல்லாம் சூடாகிவிட்டது, மூன்றாவது தடவை கத்தினேன். உன் பெயரை நான் அவ்வளவு சத்தமாக அதுவரை யார் முன்னாலும் சொன்னதில்லை. வரிசையில் இருந்த ஒரு கிழவர், 'ஆங், அப் டீக்', இப்போது சரி, என்று சிரித்தார்.

டாக்டர் சின்னப் பெண். உன்னைத் தரையில் உட்காரவைத்து பொம்மை கொடுத்து, பின்னால் போய் மணி ஆட்டினாள், கிலுகிலுப்பை ஆட்டினாள். அந்த அறையில் வெளிச்சம் எல்லாப் பக்கமும் இருந்தது, நிழல் விழவில்லை. நீ திரும்பவில்லை. சின்ன மத்தளத்தை எடுத்து ஓங்கி அடித்தபோது மட்டும் பொம்மையை விட்டுவிட்டு எங்கேயோ பார்த்தாய். நான் எங்கள் வீட்டில் மூன்று பாஷை என்று சொன்னேன். அவள் இந்தியில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பத்து பாஷை இருந்தாலும் காது கேட்கிற பிள்ளை ஏதாவது ஒன்றில் பேசும். பேச்சு அப்புறம். முதலில் காது. எவ்வளவு கேட்கிறது என்று ஒரு டெஸ்ட் எடுக்கவேண்டும். பிள்ளை தூங்கும்போதுதான் அது எடுக்க முடியும், அதனால் முந்தின ராத்திரி தூங்க விடாதே, வருகிற வழியிலும் தூங்க விடாதே, இங்கே வந்து தூங்கட்டும். மெஷினுக்கு மழைக்காலம் முடியும்வரை வரிசை இருக்கிறது. ஒருவர் வரவில்லை என்று சொன்னதால் ஒரே ஒரு இடம் இருக்கிறது என்று தேதி சொன்னாள். இவனுக்கு ஏற்கெனவே தாமதம், இதை விட்டுவிடாதே என்றும் சொன்னாள். அவள் சொன்ன தேதி, நம் ரயில் தேதி. ரயில் காலையில். டெஸ்ட் மத்தியானம்.

அன்று சாயங்காலம் எல்லோரும் இருக்கும்போது சொன்னேன். நின்றுகொண்டு சொன்னேன், உட்கார்ந்தால் குரல் வராது என்று. முடிக்கும் முன்பே அத்தை தொடங்கிவிட்டாள். 'யாரக் கேட்டுட்டுப் பிள்ளையத் தூக்கிட்டுப் போன? அந்த டாக்டரு என்ன பாஷை?' இந்தி என்றேன். 'பாத்தியா! இந்தில கேட்டிருப்பா, பிள்ள முழிச்சிருப்பான். காது கேக்கலன்னு எழுதிட்டா!' மணிதான் ஆட்டினாள், மணிக்கு என்ன பாஷை என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். மாமாவுக்கு மட்டும் கேட்டது. அவர் சிரித்துவிட்டு, 'ஏட்டி, அவனுக்குக் காது நல்லாத்தான் இருக்கு. உங்க அத்த பேசுதது கேக்கப்படாதுன்னு இப்பவே நடிச்சுப் பழகுதான். நான் இருவது வருசமா நடிக்கேன்' என்றார். மறுபடி சிரிப்பு. நல்ல மனிதர்தான், யாருக்கும் முகம் வாடக் கூடாது அவருக்கு. ஆனால் அந்தச் சிரிப்போடு என் பேச்சு முடிந்துபோனது. உன் வாழ்க்கையில் யாராவது பயந்து பயந்து ஒன்றைச் சொல்ல வந்தால், அந்த நேரத்தில் வேடிக்கை பேசாதே.

அப்பாவிடம் தனியாகக் கேட்டேன். அவர் மறுநாளுக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தார். 'அப்பா, நாம ரெண்டு பேரும் முத்துவும் மட்டும் இருந்துட்டு, டெஸ்ட் முடிச்சிட்டுப் போலாம்லா?' என்றேன். 'எப்படி தாயி போறது? மே மாசத்துல கன்ஃபார்ம் டிக்கெட்ட விட்டா அப்புறம் சாமி வந்தாலும் சீட்டு கிடைக்காது. ஊர்ல காதுகுத்துக்கு வெத்தல வச்சாச்சு. அக்காவ எதுத்து நான் என்னத்தச் சொல்ல? சென்னை டாக்டரும் டெஸ்ட் எடுப்பாரு. ஒரு மாசத்துல என்ன ஆயிரப் போவுது?' என்றார். ஒரு மாதம் இல்லை, இத்தனை மாதமாக இப்படித்தான் தள்ளினோம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் உப்பை அள்ளிப் போட்டார். ஏற்கெனவே போட்டிருந்தார். மறுநாள் இட்லி வாங்கினவர்களெல்லாம் திட்டினார்களாம். தூங்க விடக் கூடாது என்பதுவரை டாக்டர் சொன்னதையெல்லாம் அம்மாவிடமும் சொன்னேன். அவள் பாட்டுக்கு பையில் உன் துணிகளை மடித்து வைத்தாள், எடுத்தாள், மறுபடி மடித்தாள். அவளும் அவர்கள் பக்கம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை முத்து. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கிறது. கெட்டவர்களாக இருந்தால் சண்டை போட்டுவிடலாம். உன்மேல் உயிராக இருக்கிறவர்கள் கூடி உட்கார்ந்து, உனக்கு மோதிரமும் பட்டுச் சட்டையும் வாங்கிவைத்து, உன்னைக் கொஞ்சிக்கொண்டே உன் நாளைத் தள்ளிவைக்கும்போது யாரோடு சண்டை போடுவது?

கிளம்புகிற முந்தின ராத்திரி மூட்டை கட்டும் கலவரத்தில் உன்னை நான் தூங்க விடவில்லை. 'பிள்ளையத் தூங்க விடுட்டி, என்ன வெளையாட்டு' என்று அத்தை திட்டினாள். என்ன செய்யப்போகிறேன் என்று அப்போதும் எனக்குத் தெரியாது. தூங்க விடக் கூடாது என்பது மட்டும் தெரியும். காலையில் இரண்டு டாக்சியில் தாதர் போனோம். பிளாட்பாரத்தில் நம் ஜனம்தான் எங்கே பார்த்தாலும், அட்டைப்பெட்டியும் தண்ணீர்க் கேனும் பிளாஸ்டிக் குடமுமாக. வண்டி கொஞ்ச நேரம்தான் நிற்கும். வந்ததும் ஒரே தள்ளுமுள்ளு. மாமா முதலில் ஏறி உள்ளேயிருந்து மூட்டைகளை இழுத்தார், அப்பா கீழேயிருந்து கொடுத்தார். முட்டி வலிக்கார அம்மாளை நாலு பேர் சேர்ந்து ஏற்றினார்கள். அம்மா உன்னை என் கையில் கொடுத்துவிட்டு, பையோடு ஏறினாள். கடைசியாக அப்பா ஏறித் திரும்பி, பிள்ளையைக் கொடு என்று கையை நீட்டினார்.

நான் ஓரடி பின்னால் போனேன். 'நான் வரலப்பா. இவனும் வரல. இன்னிக்கு இவனுக்கு டெஸ்ட் இருக்கு' என்றேன். கத்திச் சொன்னேனா என்று தெரியாது, ஆனால் அப்பாவுக்குப் பின்னால் நின்ற மாமாவுக்கும் கேட்டது, ஜன்னலில் இருந்த அத்தைக்கும் கேட்டது. 'ஏட்டி, கிறுக்கு பிடிச்சிருக்கா? ஏறுட்டி!' என்று அத்தை அலறினாள். 'ஊரக் கூட்டி வச்சிருக்கோமே, அங்க யாருக்குட்டி காது குத்த?' அப்பாவின் கை நீட்டினபடியே இருந்தது. அவர் ஒரு காலைக் கீழே வைக்கப் பார்த்தார், கீழேயிருந்து இன்னும் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்ததால் உள்ளே தள்ளப்பட்டார். மாமா முதல் முறையாக வேடிக்கை எதுவும் சொல்லவில்லை.

அம்மா அடுத்த ஜன்னலில் இருந்தாள். கம்பிக்கு வெளியே கையை விட்டு என்னைக் கூப்பிட்டாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்துத்தான் பக்கத்தில் போனேன். இடுப்பில் செருகியிருந்த வீட்டுச் சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். உன் தலையை ஒரு தடவை தொட்டாள். அவள் கண் சிவந்திருந்தது. வண்டி அசைந்தது. அவள் கையை உள்ளே இழுக்காமல், கூடவே நடந்த என்னிடம் சொன்னாள்.

'மத்தியானம் வரைக்கும் அவனத் தூங்க விட்டுராதட்டி. பஸ்ஸுல ஆட்டத்துல கண்ணச் சொருகுவான், மடில வைக்காத.'

வண்டி போனது. என் தோளில் உன் தலை கனமாகச் சாய்ந்தது. நான் உன்னை இடுப்பிலிருந்து இறக்கி, கையைப் பிடித்து, பாலத்துப் படிகளில் நடக்க வைத்தேன்.